எட்டுக் கையிலும் மருதோன்றி

தபால்காரரின் மோட்டார்சைக்கிள் எங்கள் வேலிப் படலைக்கு முன்னால் வந்து நின்றபோது வீட்டில் எட்டுக் கைகள் இருந்தன. எட்டிலும் ஈர மருதோன்றி.

உம்மாவின் இரண்டு, உம்மாவின் தங்கை சாச்சியின் இரண்டு, கல்யாணப் பெண்ணான என் அக்கா ராத்தாவின் இரண்டு, என்னுடைய இரண்டு. நாலு பேரும் நடு அறைப் பாயில் கால் நீட்டி, கைகளை முன்னால் ஏந்திக்கொண்டு, யாரோ பெரிய சோற்றுத் தட்டு, சகனைத் தூக்கிவந்து தரப்போகிறார்கள் என்பதுபோல இருந்தோம். வாப்பாவும் என் அண்ணன் நானாவும் ஜும்மாத் தொழுகைக்குப் போய்விட்டார்கள். அடுப்பில் சோறு வடிக்காமல் இருந்தது.

வெளியே ஹோர்ன் இரண்டு தரம் அடித்தது.

"நஸ்ரின் தங்கச்சி, பதிவுத் தபால். கெதியா வாங்கோ."

எழும்பப் பார்த்தேன். பாயிலிருந்து கையை ஊன்றாமல் எழும்புவது எவ்வளவு பெரிய வித்தை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒரு பக்கமாகச் சரிந்து, முழங்காலில் நின்று, சாச்சியின் தோளில் என் தாடையை ஊன்றி எழும்பினேன்.

"என்ட தோள் உடையுதுடி," என்றார் சாச்சி.

கடிதம் ஏன் அன்றைக்கே வேணும்

அதற்கு முந்தின நாள் அடம்பனிலிருந்து ஜெனிற்றா போன் எடுத்திருந்தாள். என்னோடு ஒரே மண்டபத்தில் அரசாங்க எழுதுவினைஞர், கிளார்க் வேலைக்கான போட்டிப் பரீட்சை எழுதியவள்.

"எனக்குக் கடிதம் வந்திட்டுதடி. திங்கக்கிழமை காலமை மன்னார் டவுனில நேர்முகம். கடிதம் கொண்டுபோகாட்டி உள்ளுக்கு விடமாட்டினமாம். உனக்கு வந்திட்டுதே?"

வரவில்லை. மறுநாள் வெள்ளி. சனிக்கிழமை பௌர்ணமிப் போயா விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை ராத்தாவின் நிக்காஹ். திங்கட்கிழமை தபால் கந்தோர் திறக்கும் நேரமும் மன்னாரில் நேர்முகம் தொடங்கும் நேரமும் ஒன்று. வெள்ளிக்கிழமை கைக்கு வராத கடிதம் பிறகு வந்தும் பிரயோசனமில்லை.

எங்கள் வீட்டில் அப்படி ஒரு பரீட்சை எழுதிய முதல் ஆள் நான். உயர்தர வகுப்பு வரை போன முதல் ஆளும் நான்தான். வாப்பா சின்ன வயதிலேயே கடலுக்குப் போய்விட்டார். நானாவும் ராத்தாவும் அகதி முகாமுக்கும் ஊருக்கும் இடையில் அலைந்ததில் படிப்பை விட்டார்கள். உம்மா பள்ளிக்கூடத்துக்குள் போனதே எனக்கு அனுமதி எடுக்கத்தான். இதைச் சொல்லும்போது எனக்குப் பெருமை வரும். அந்தப் பெருமைதான் அன்றைக்கு என்னை ஒரு இடத்தில் தலைகுப்புற விழுத்தியது. அதற்கு வருகிறேன்.

நாலு பேரும் ஒரே நேரத்தில் எப்படி

மருதோன்றி போட வந்தவர் கொண்டச்சியிலிருந்து பல்கீஸ். இந்தப் பக்கத்துக் கல்யாணப் பெண்களின் கையெல்லாம் அவருடைய மருதோன்றிக் கோனுக்குள்ளால்தான் சிவக்கும். காலை பஸ்ஸில் வந்து பன்னிரண்டு மணி பஸ்ஸில் திரும்பவேண்டும். பின்னேரம் அவருக்கு வேறு ஒரு கல்யாண வீடு இருந்தது.

ராத்தாவின் கை முழங்கை வரைக்கும் இரண்டு மணித்தியாலம் எடுத்தது. அந்த நேரம் முழுக்க நான் படலையில் நின்றேன். எங்கள் தபால்காரர் செபமாலை அண்ணன் பத்து மணிக்குள் வந்துவிடுவார். பத்து போனது. பத்தரை போனது. பதினொன்றும் போனது. இனி வரமாட்டார் என்று எனக்கே நிச்சயமாகிவிட்டது.

"அங்கன நிண்டு வெயில் குடிச்சது காணும். கையத் தா," என்றார் பல்கீஸ். "இல்லாட்டி நான் போறன்."

வந்து இருந்தேன். கையைக் கொடுக்கும்போது எனக்குள் ஓடிய கணக்கு இதுதான்: ஏதும் அவசரம் என்றால் உம்மாவின் கை இருக்கிறதுதானே. சாச்சியும் அதே கணக்கோடுதான் தன் கைகளைக் கொடுத்தாராம், பிறகு சொன்னார். ராத்தாவைக் கேட்கவே தேவையில்லை. அவளுக்குப் பிறந்த நாளிலிருந்து அந்தக் கணக்குத்தான்.

எங்கள் மூன்று பேரையும் முடித்தபிறகு பல்கீஸிடம் ஒரு கோனில் பாதி மிஞ்சியிருந்தது. சாச்சி உம்மாவைப் பார்த்தார். அக்காவை அவர் தாத்தா என்றுதான் கூப்பிடுவார்.

"நீயும் இரு தாத்தா."

"எனக்கென்னத்துக்கு?"

"நாளண்டைக்கு மாப்புள்ள வீட்டுப் பொம்புளையள் கைகுடுத்து சலாம் சொல்லேக்க, பொண்ணுட உம்மாட கையில பாரைமீன் செதிலா ஒட்டியிருக்கிறது?"

உம்மா சிரித்துவிட்டார். சிரித்தபடியே இருந்தும்விட்டார். பல்கீஸ் பத்தே நிமிடத்தில் உள்ளங்கையில் ஒரு வட்டமும் விரல் நுனிகளுக்குத் தொப்பியும் போட்டு, கோனைப் பைக்குள் எறிந்து, பஸ்ஸுக்கு ஓடினார்.

அவருடைய செருப்புச் சத்தம் ஒழுங்கையில் ஓய்ந்தபிறகுதான் நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்தோம்.

"இப்ப சோத்த ஆரு வடிக்கிற?" என்று கேட்டார் சாச்சி.

காலும் மூக்கும் முழங்கையும்

முதலில் சிரித்தோம். நல்லாய்ச் சிரித்தோம். அதற்குப் பிறகு வேலைகள் ஒவ்வொன்றாக வந்தன.

சோறு பொங்கி மூடியைத் தள்ளியது. நான் ஓடிப்போய் முழங்கையால் மூடியை ஒதுக்கி, குதிக்காலால் கொள்ளியை வெளியே இழுத்தேன். ராத்தாவின் போன் அடித்தது, மாப்பிள்ளை. அவள் குனிந்து மூக்கால் திரையைத் தடவினாள். அது வீடியோ அழைப்பு. மூக்கு மட்டும் பெரிதாகத் தெரிய, அந்தப் பக்கம் அவர் என்ன நினைத்தாரோ, "நான் பிறகு எடுக்கிறன்" என்று வைத்துவிட்டார். சாச்சிக்கு மூக்கில் கடி வந்தது. மன்னார் டவுனில் கழுதைகள் மதிலில் உரசுமே, அப்படி அவர் கதவு நிலையில் உரசிக்கொண்டு நின்றார்.

"ஆராவது சொறிஞ்சு விடுங்கடி."

"என்னத்தால சொறியிற சாச்சி?"

உம்மா மட்டும் அதிகம் அசையவில்லை. கைகளை மடியில் வைத்து, யாரோ தந்துவிட்டுப்போன பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த இரண்டு கையும் ஒரே நேரத்தில் சும்மா இருந்து நான் கண்டதில்லை.

பத்திரிகையில் நான் எழுதும் இந்தத் தொடரை ஒழுங்காக வாசிப்பவர்களுக்கு என் உம்மாவைத் தெரியும். புதிதாக வருபவர்களுக்கு ஒரு காட்சி சொல்கிறேன். யுத்தத்தில் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்ட நாங்கள் ஊர் திரும்புவதற்கு முந்திய காலம், புத்தளத்து முகாம். தண்ணீர் வண்டி, பவுசர் வரும் நேரமும் நிவாரணம் கொடுக்கும் நேரமும் எப்படியோ ஒன்றாகவே வரும். உம்மா ஒரு இடுப்பில் என்னை வைத்திருப்பார். மற்ற இடுப்பில் குடம். ஒரு கையில் வாளி. நிவாரண அட்டையைப் பல்லால் கடித்துக்கொண்டு வரிசையில் நிற்பார். முறை வந்ததும் குடத்தை இறக்கி, அட்டையை மேசையில் விழவிட்டு, பெருவிரலை நீட்டுவார். மேசைக்குப் பின்னால் இருப்பவர் முகத்தைப் பார்க்காமலே அந்த விரலைப் பிடித்து, கட்டையைத் திருப்புவதுபோலத் திருப்பி, மையில் அழுத்தி, தாளில் அழுத்துவார். உம்மா சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு குடத்தைத் தூக்குவார். தலைப்பில் நீலப் பொட்டுகள் இருக்கும். கழுவினாலும் போகாது.

ஊருக்கு வந்தபிறகும் வீட்டுத் திட்டத்துக்கு, மீன்பிடிச் சங்கத்துக்கு, எல்லாவற்றுக்கும் அதே விரல்தான். விண்ணப்பம் நிரப்பியது நான், விரல் வைத்தது உம்மா. ஒன்பதோ பத்தோ வயதில் எனக்குள் சொல்லிக்கொண்டேன்: என் பெயருக்குப் பக்கத்தில் ஒருநாளும் விரல் வராது.

படலைக்கும் அலுமாரிக்கும் இடையில்

இப்போது படலைக்கு வருவோம். ஹோர்ன் மூன்றாம் தரமும் அடித்துவிட்டது.

முக்காடு சரிந்து கழுத்தில் கிடந்தது. அப்படியே வெளியே போகமுடியாது. பின் விறாந்தைக் கொடியில் ராத்தாவின் தலை மூடும் சோல் காய்ந்தது. அதற்குக் கீழே போய்த் தலையை நுழைத்து, ஒரு தலைப்பைப் பல்லால் பிடித்து இழுத்து, இரண்டு சுற்றுச் சுற்றினேன். கையைப் பயன்படுத்தாமல் தலை மூடியாயிற்று. இப்படிச் சுற்றிக்கொண்டு கைகளை நீட்டியபடி நான் வருவதைப் பார்த்து, செபமாலை அண்ணன் மோட்டார்சைக்கிள் எஞ்சினை நிறுத்திவிட்டார்.

"என்ன தங்கச்சி, கையில காயமோ?"

"மருதோன்றி அண்ணன். ராத்தாக்குக் கல்யாணம்."

"நல்லது, நல்லது. நான் ரயர் காத்துப்போய் ஒட்டிப்போட்டு வாறன், அதுதான் இவ்வளவு நேரம்." பையிலிருந்து நீட்டு உறை ஒன்றை எடுத்தார். அரசாங்க முத்திரை. தட்டச்சில் என் முழுப்பெயர். பதிவுத் தபால் ஒன்று எனக்கென்று வந்தது அதுதான் முதல் தரம். "ஐடென்ரி கார்டைக் காட்டி, இதில சைன் வையுங்கோ."

"கார்ட் உள்ள இருக்கு. ஒரு நிமிசம்."

"கெதியா. இன்னும் மூண்டு ஊர் கிடக்கு. ஆளில்லையெண்டு எழுதிக் கொண்டுபோனா திங்கக்கிழமைதான்."

வீட்டில் ஆம்பிளைகள் இல்லை என்பது அவருக்குத் தெரியும். படலைக்கு இங்கால் கால் வைக்கமாட்டார். ஓடினேன்.

கார்ட் இருந்தது பிஸ்கற் டின்னுக்குள். டின் இருந்தது அலுமாரிக்குள். கல்யாண நகை இருப்பதால் அலுமாரி பூட்டியிருந்தது. அதன் சாவி, திறப்பு, உம்மாவின் சேலைத் தலைப்பில், முடிச்சுக்குள். உம்மா முடிச்சுப் போட்டால் அது முடிச்சு.

முழங்காலில் நின்று பல்லால் அவிழ்க்கத் தொடங்கினேன். துணியில் வெங்காய வாசமும் உப்பும். சாச்சி மேலே நின்று வழி சொன்னார்.

"இடப்பக்கம் இழு. அது வலம்டி. படிச்ச புள்ளைக்கு இடம்வலம் தெரியாதா?"

திறப்பு நிலத்தில் விழுந்தது. உதட்டால் எடுத்து, பல்லில் கடித்து, பூட்டுக்குள் விட்டுத் தலையைத் திருப்பினேன். அலுமாரியைக் கொஞ்சுவதுபோல இருந்ததாம், ராத்தா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். மூன்றாம் தரம் திறபட்டது. டின்னை முழங்கைகளுக்குள் அணைத்து இறக்கினேன். உம்மா நிலத்தில் இருந்து இரண்டு பாதத்தாலும் டின்னை இறுக்கிப் பிடித்தார். சாச்சி முழங்கையால் மூடியை நெம்பினார். மூடி பறந்துபோய் சுவரில் அடித்தது. அடையாள அட்டையை உதட்டில் வைத்துக்கொண்டு ஓடினேன். பின்னால் மூன்று பேரும் வந்தார்கள், சாச்சியும் ராத்தாவும் வாசல் வரை, உம்மா படலை வரை.

சொன்னால் நம்புங்கள், அந்த ஓட்டத்தில் எனக்குப் பறப்பதுபோல இருந்தது.

நான் சொன்னது

செபமாலை அண்ணன் அட்டையை என் உதட்டிலிருந்து எடுத்து, இலக்கத்தைப் பார்த்து எழுதினார். பிறகு தாளையும் பேனையையும் நீட்டினார். நான் என் விரல்களைப் பார்த்தேன். பத்து நுனியிலும் தடித்த பச்சைத் தொப்பி.

அவரும் பார்த்தார். சிரித்தார். நல்ல மனிதர், எனக்கு உதவத்தான் சொன்னார்.

"பேனை பிடிக்கேலாது போல. பறவாயில்லை, பெருவிரலை ஒருக்கா அமத்தி விடுங்கோ. மையும் விரலிலேயே கிடக்கு. நான் கீழ எழுதி விடுறன்."

சாச்சி சிரித்தார். "அது நல்ல வேலை. வை புள்ள, மருதோன்றியும் கலையாது."

ராத்தாவும் வாசலிலிருந்து, "வை நஸ்ரின், நாளண்டைக்குப் போட்டோ எடுக்கோணும்," என்றாள்.

எல்லோருக்கும் அது சுகமான வழி. எனக்கு முகம் கொதித்தது.

"பெருவிரல் வைக்க நான் என்ன, எழுத்துத் தெரியாதவளா?"

சத்தமாகத்தான் சொன்னேன். சொல்லி முடித்தபிறகுதான் உம்மா எனக்குப் பின்னால், இரண்டு முழம் தள்ளி நிற்பது நினைவுக்கு வந்தது.

சாச்சி குனிந்து தன் கை மருதோன்றியை ஊதத் தொடங்கினார். செபமாலை அண்ணன் மோட்டார்சைக்கிள் கண்ணாடியைத் திருப்பித் திருப்பிச் சரிசெய்தார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் கையெழுத்து வராது என்று தெரிந்தது.

வலது கையைப் படலைக் கம்பில் அழுத்தித் தேய்த்தேன். பல்கீஸ் போட்ட பூ, கொடி, இலை எல்லாம் களியாக உரிந்து விழுந்தன. மிச்சத்தைப் பாவாடையில் துடைத்தேன். பேனையை எடுத்து, சுருக்கிப் போடாமல், வாப்பாவின் பெயரிலிருந்து தொடங்கி முழுப்பெயரையும் எழுதிக் கீழே கோடும் இழுத்தேன்.

உம்மா பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தார்.

"உன்ட பேர் இவ்வளவு நீளமா மகள்?" என்று கேட்டார்.

குரலில் கோபமில்லை. அவர் உண்மையாகவே கேட்டார்.

"ஓம் உம்மா," என்றேன்.

உறையைக் கிழித்தேன். ஜெனிற்றாவுக்கு வந்த அதே கடிதம். திங்கட்கிழமை, காலை எட்டரை, மன்னார். உரத்து வாசித்தேன். ராத்தா இரண்டு கைகளையும் மேலே தூக்கிக்கொண்டு விறாந்தையில் குதித்தாள். "மெல்ல, மெல்ல, கலையும்," என்று சாச்சி கத்தினார். செபமாலை அண்ணன், "வேலை கிடைச்சா இனிப்புக்கு எனக்கு ஒரு தொதல் துண்டு," என்று சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டில் ஒரேயொரு கை

அவர் போனதும் சாச்சி என் வலது கையைப் பார்த்தார். பசித்தவர் சோற்றுப்பானையைப் பார்ப்பதுபோல.

"ஒரு கை கிடைச்சிட்டுதுடி," என்றார். "முதல்ல என்ட மூக்கு."

சொறிந்துவிட்டேன். பிறகு ஓய்வில்லை. ராத்தாவின் கண்ணில் விழுந்த முடியை ஒதுக்கினேன். சோற்றை வடித்தேன்; ஒரு கை பானையில், மற்றப் பக்கம் முழங்கையில் துணியைச் சுற்றிக்கொண்டு. சாச்சிக்குத் தண்ணீர் பருக்கினேன். ராத்தாவின் போனை எடுத்து மாப்பிள்ளைக்கு விளக்கம் சொன்னேன். ஆணக் குழம்பை அடுப்பில் ஏற்றினேன். சாச்சிக்கு மறுபடியும் மூக்கு. முற்றத்தில் காய்ந்த உடுப்பை எடுத்தேன். கோழி அடுப்படிக் குசினிக்குள் வந்தது, துரத்தினேன். ஒன்றைச் செய்துகொண்டிருக்கும்போதே "நஸ்ரின், இங்க வா" என்று அடுத்தது வரும். யாருக்கும் அது ஒரு கை என்ற நினைப்பில்லை. அரைமணித்தியாலத்தில் எனக்கு முதுகு விட்டுப்போய்விட்டது.

அடுப்புக்கு முன்னால் நின்று அகப்பையால் துழாவும்போது எனக்குப் புரிந்தது. இந்த வீட்டில் இவ்வளவு காலமும் இந்த இடத்தில் ஒரு ஆள் நின்றிருக்கிறார்.

வாப்பாவும் நானாவும் பள்ளிவாசலிலிருந்து வந்தார்கள். உம்மா பாயில் இருப்பதைக் கண்டு வாப்பா பயந்துபோனார்.

"என்ன, சுகமில்லையா?"

"மருதோன்றி," என்றேன். "சோத்துப் பீங்கானை நீங்களே எடுங்க வாப்பா. இண்டைக்கு வீட்டில ஒரு கைதான்."

அவர்கள் போட்டுச் சாப்பிட்டார்கள். நான் சோற்றைப் பிசைந்து ராத்தாவுக்கும் சாச்சிக்கும் ஊட்டினேன். கடைசியாக உம்மாவுக்கு முன்னால் போய் இருந்தேன்.

"எனக்கு வேணாம். நான் கையக் கழுவிட்டுத் தின்னிறன்."

"கழுவ விடமாட்டன்."

"அப்ப பின்னேரம் தின்னிறன்."

"வாயத் திறங்க உம்மா."

திறந்தார். என் வாழ்க்கையில் நான் அவருக்கு ஊட்டிய முதல் பிடி அது. நுனியெல்லாம் வெளிறிய செம்மஞ்சளாகிப்போன என் விரல்கள். உம்மா மென்றுகொண்டே தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லவேண்டும் என்று நினைத்தேன். ஒவ்வொரு பிடிக்கும் நினைத்தேன்.

"உம்மா, படலையில நான் சொன்னது…"

"உப்புக் காணாது," என்றார் உம்மா. "ஆணத்துக்கு உப்புப் போட்டியா, இல்லையா?"

போடவில்லை. எழும்பிப்போய்ப் போட்டேன். திரும்பி வந்தபோது அவர் சாச்சியோடு கல்யாணச் சாப்பாட்டைப் பற்றிக் கதைக்கத் தொடங்கியிருந்தார்.

திங்கட்கிழமை

நிக்காஹ் அன்று எல்லோர் கையையும் விட உம்மாவின் கைதான் கடுஞ்சிவப்பாக இருந்தது. பின்னேரம் வரைக்கும் கழுவவிடாமல் காவல் இருந்தேனே. மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் பிடித்துப் பிடித்துப் பார்த்தார்கள். உம்மா வெட்கத்தில் கையைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டார்.

மறுநாள் மன்னாரில், மூன்று பேருக்கு முன்னால் இருந்தேன். நடுவில் இருந்த மேடம் என் கடிதத்தைப் பார்த்தார், கையைப் பார்த்தார்.

"அது என்ன பிள்ளை, ஒரு கை மட்டும் சிவப்பு?"

"இந்தக் கடிதத்துக்குச் சைன் வைக்க மற்றதைத் துடைச்சனான் மேடம்."

முழுவதும் சொல்லச் சொன்னார். மூக்கு, திறப்பு, டின், எல்லாம் சொன்னேன். மூன்று பேரும் சிரித்தார்கள். வேலை கிடைத்தது. செபமாலை அண்ணனுக்குத் தொதல் ஒரு முழுக் கட்டியே கொடுத்தோம்.

ஆனால் அன்று அந்த மேசைக்கு முன்னால், படலையில் நான் சொன்ன வரியை மட்டும் விட்டுவிட்டேன். "விரல் வைக்க விருப்பமில்லை" என்று அழகாக மாற்றிச் சொன்னேன். அதற்குப் பிறகு வீட்டில் எத்தனையோ தரம் இந்தக் கதை சிரித்துச் சிரித்துச் சொல்லப்பட்டாயிற்று. அந்த வரியை யாரும் சொல்வதில்லை. சாச்சிகூட. இங்கேதான் முதல் தரம் எழுதியிருக்கிறேன்.

வாராவாரம் இந்தப் பத்திரிகை வந்ததும் உம்மா என்னைக் குசினிக்குள் கூப்பிடுவார். மீனைக் கழுவிக்கொண்டு, "வாசி பாப்பம்," என்பார். தன்னைப் பற்றி வரும் இடங்களை இரண்டாம் தரமும் வாசிக்கச் சொல்வார். இந்த வாரமும் கூப்பிடுவார். மேலே இருப்பதை ஒன்றும் விடாமல், குரலைத் தாழ்த்தாமல் வாசிக்கப்போகிறேன். அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியாது.